யாருடைய வக்கீல் நான்

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா. கணவர் இறந்துவிட்டார். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, அவரையும் அவர் வீட்டையும் பார்த்துக்கொள்ளத் தன்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும் என்று மகன் ராமநாதபுரம் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தான். எதிர்த்து வழக்காட என்னைப் பிடித்தது மகள். ஃபீஸ் கொடுத்ததும் மகள்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் அம்மா. வம்பு அங்கேயே தொடங்கிவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

வீடு கடலைப் பார்த்த வீடு. லாட்ஜ் கட்ட ஆட்கள் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மனு ஜெயித்துவிட்டால் அந்த அம்மா தன் சொந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் மகனைக் கேட்க வேண்டியிருக்கும்.

புத்தி சரியில்லை என்பதற்கு மனுவில் காட்டிய ஆதாரம், ‘கண்டவர்களுக்கெல்லாம் மீனை அள்ளிக் கொடுக்கிறார்’ என்பது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படகு கரை சேரும்போது பக்கத்தில் நிற்கிறவருக்குக் குழம்புக்கு ஒரு கை மீன் கொடுப்பது பாம்பனில் வழக்கம். கறிமீன் என்பார்கள். மனுவை எழுதிய மதுரை வக்கீலுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. கறிமீன் தின்று வளர்ந்த மகனுமா மறப்பான்?

அம்மாவிடம் நேரிலேயே பேசிப் பார்க்கிறேன் என்று நீதிபதி தன் அறைக்கு எங்களை அழைத்தார். மகனும் மகளும் வாசலோரம் நின்றார்கள். அம்மா ஒயர் கூடையிலிருந்து பேப்பரில் சுற்றிய பொட்டலங்களை எடுத்து நீதிபதிக்கு ஒன்று, மதுரை வக்கீலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்தார். அறை முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசம். நீதிபதிக்கே கையூட்டா! வக்கீல் தொழிலுக்கான என் சன்னதே போயிற்று!

“என்னம்மா இது?” என்றார் நீதிபதி.

“நமக்காக நிக்கிற ஆள வெறுங்கையோட அனுப்பலாமாய்யா?”

“பாருங்கய்யா, இதைத்தான் மனுவில் சொல்லியிருக்கிறேன்!” என்று துள்ளி எழுந்தார் மதுரை வக்கீல். கையில் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“அவர் உங்களுக்கு எதிரா வாதாடுறவராச்சேம்மா?” என்றார் நீதிபதி.

“அவரும்தானய்யா காலையில இருந்து நிக்கிறாரு.”

நீதிபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று பொட்டலங்களும் கூடைக்கே திரும்பின. என்னுடையதாவது தப்பும் என்று நினைத்தேன், அதுவும் போயிற்று. பிறகு கிழமை, ஊர், வியாபாரம், பேங்க் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா தெளிவாகப் பதில் சொன்னார்.

“வீட்டை என்ன செய்யப்போறீங்க?”

“எனக்குப் பெறகு மகனுக்குத்தான்ய்யா. மக நல்லாத்தான் இருக்கா. இவனுக்குத்தான் ஒண்ணும் நெலைக்கல.”

நாங்கள் வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வக்கீலக்கா, எங்கம்மாவுக்கு நெசமாவே புத்தி பெசகிருச்சு. உள்ள போயி சொல்லுங்க!”

அந்தப் பக்கம் மகன், “சார், எங்கம்மா தெளிவாத்தான் இருக்கு. மனுவ வாபஸ் வாங்கிருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். நானும் மதுரை வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

“நான் உங்கம்மாவோட வக்கீல். அவங்களுக்கு எதிரா ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்றேன்.

“அப்ப எங்கிட்ட எதுக்கு ஃபீஸ் வாங்குனீக? என் காசுல அவனுக்கு வீடா?”

சட்டம் என் பக்கம். இருந்தும் மூஞ்சியில் அறைந்தாற்போல் இருந்தது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்ததே!

மதியம் மனு வாபஸ் ஆனது. நான் வெற்றிக் களிப்பில் மிதந்துகொண்டிருந்தேன். அம்மா என் கவுனைப் பிடித்து இழுத்தார்.

“முடிஞ்சுபோச்சா வக்கீலம்மா?”

“முடிஞ்சுதும்மா. ஜெயிச்சுட்டோம்.”

“இன்னும் ஒரு வாய்தா கேக்க முடியாதா?”

“எதுக்கும்மா?”

“கேசுன்னாத்தான் ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குதுக. இனிமே எதுக்கு வரும்?”

கோர்ட் வாசலில் மகன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக ஆட்டோ ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பாம்பன் பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன்.