குழாய் வீடு

பரங்கிப்பேட்டையில் கதவு எண் சொல்லி யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. ரங்கூனில் சம்பாதித்துத் தேக்கு இறக்கிக் கட்டியவருடையது ரங்கூன் வீடு. மாடி முகப்பில் கடிகாரம் பதித்தவருடையது மணி வீடு. கட்டியவர்கள் மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாகியும் ஆட்டோக்காரர்களுக்கு அந்தப் பெயர்கள்தான் கணக்கு. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த நான் அப்படித்தான் ரங்கூன் வீட்டு மாப்பிள்ளை ஆனேன். தாடி நரைத்த பிறகும் அதே பெயர். எனக்குப் பொறுக்கவில்லை.

துபாயில் சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, மகளுக்கென்று ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். பளிங்குத் தூண்கள், வாசலில் பொன்னெழுத்தில் 'நூர் மன்ஸில்'. இனி ஊர் என்னையும் ஒரு ஆளாகச் சொல்லும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஒரே உறுத்தல், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உப்புத் தண்ணீர், எங்கள் போர்வெல்லில் மட்டும் நல்ல தண்ணீர். கொத்தனார்களுக்காக வைத்த குழாயை வேலை முடிந்ததும் பிடுங்கச் சொன்னேன். மனைவி விடவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நாலு பேரு குடிக்கிறாங்கல்ல?" தினமும் விடிந்ததும் வாசலில் குடங்கள் வரிசை கட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் 'நூர் மன்ஸில்' என்று மட்டும் அச்சடித்தேன். "ரங்கூன் வீட்டு மாப்பிள்ள கட்டுன வீடுன்னு ஒரு வரி போடுங்க. வர்றவுங்க தேடுவாங்க" என்றாள் மனைவி. முடியவே முடியாது என்றுவிட்டேன்.

கல்யாணத்தன்று கடலூரிலிருந்து வர வேண்டிய மாப்பிள்ளை வேனைக் காணோம். பிரியாணி தம்மில் இருந்தது. பள்ளிவாசலில் நிக்காஹ் ஓத ஹஜ்ரத் காத்திருந்தார். மாப்பிள்ளையின் அண்ணன் போனில் கத்தினார்: "போன் மேப்பு எங்கள மீன் எறக்குற எடத்துல கொண்டாந்து விட்டுருச்சு மாமா. யாரைக் கேட்டாலும் நூர் மன்ஸில்னு ஒரு வீடே இல்லங்கறாங்க!"

மனைவி போனைப் பிடுங்கினாள். "தம்பி, குழாய் வீடு எங்கன்னு கேளுங்க."

சற்று நேரத்தில் வேன் வாசலில் நின்றது. அதற்கு முன்னால் ஸ்கூட்டியில் வழிகாட்டிக்கொண்டு வந்தவள், தினமும் குடத்தோடு வருகிற பெண்.

குழாய் வீடு! ஊர் எப்போதோ பெயர் வைத்துவிட்டது, வீட்டுக்காரனுக்குத்தான் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படி ஒரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

இப்போது மகளும் மருமகனும் எங்களோடுதான். மருமகன் கடலூர் கோர்ட்டில் வக்கீல். போன வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மாமா, கோர்ட்ல எல்லாரும் சாருங்கறாங்க. இங்க டீக்கடையில கூட குழாய் வீட்டு மாப்பிள்ளங்கறாங்க. எனக்குன்னு ஒரு பேரு கெடையாதா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"நீங்களும் ஒரு வீடு கட்டுங்க தம்பி. பேரை மட்டும் நீங்களே வெச்சுராதீங்க."