கேட்டைத் தாண்டாத பொங்கல்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் ஜாசின் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், என் அக்கா கோயில் பொங்கலைக் கட்டிக் கொடுத்தாள். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்டில் போலீஸ்காரன் பொட்டலத்தைப் பிரித்தான். "யார் கொடுத்தது?" என்று அதட்டினான்.

மனுஷன் யோசிக்கவே இல்லை. வேலியோரம் நின்ற அக்காவைக் கைகாட்டினார். துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது. லாக்கப்பில் கிடந்துவிட்டு வந்தாள்.

அவரோ ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினரானார். நன்றி சொல்லக் கோயிலுக்கு வந்தவருக்கு அக்காதான் பொங்கலை நீட்டினாள்.

"இங்கயே சாப்பிட்டுப் போங்க ஐயா. கேட்டுல புடிச்சா மறுபடி யாரைக் காட்டுவீங்க?"