முப்பிடாதி அக்காவும் அருவிக் கயிறும்

போன வாரம் கல்லூரியில் லேப் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “சொல்லுங்கக்கா” என்றேன். பேசியது அவர் கணவர். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றார். மாணவர்கள் முன் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியும் அழுதுவிட்டேன்.

எங்களோடு தென்காசியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பட்டம் முடித்ததும் கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்து, மகள் பிளஸ் டூ முடித்த பிறகு மேற்படிப்புக்குச் சேர்ந்தவர். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும், புது மேடம் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது. அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், “உக்காருங்கலே, நானும் உங்கள மாதிரி அரியர் வைக்கத்தான் வந்திருக்கேன்” என்றார். அன்றைக்கே எல்லோருக்கும் அக்காவாகிவிட்டார்.

நானும் அவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் குற்றால அருவியைப் பற்றியது. படத்தைக் காட்டினால், குளிக்கலாமா, வெள்ளமா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். சீசன் முழுக்கச் சாரலில் நனைந்து படம் எடுத்தோம். அக்கா குடையை எனக்குப் பிடிக்காமல் என் போனுக்குப் பிடிப்பார். அந்தப் படங்களைக் காட்டிக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினோம். கடைசியில் அது ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னது. நான் துள்ளிக் குதித்தேன். அக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு நல்லா வருதுன்னா எங்கனயோ கோட்டை விட்டிருக்கோம்டி” என்றார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம், கோட்டை விட்டது எங்கே என்று அக்கா கண்டுபிடித்தார். வெள்ள நாட்களில் யாரும் குளிக்கப் போகாதபடி போலீசார் கயிறு கட்டிவிடுவார்கள். நாங்களும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எடுத்திருந்தோம். ஒவ்வொரு வெள்ளப் படத்திலும் அந்தக் கயிறு இருந்தது, குளிக்கிற நாள் படம் எதிலும் இல்லை. பாறை காய்ந்து கிடக்கிற கோடைக் காலப் படம் ஒன்றில் யாரோ அவிழ்க்காமல் விட்ட கயிறு தொங்கியது. அதைக் காட்டினால் வெள்ளம் என்கிறது. தண்ணீரை அது பார்க்கவே இல்லை, கயிற்றைப் பார்த்துத்தான் அத்தனை நாளும் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

மறுபடி படம் எடுக்க அடுத்த சீசன் வரவேண்டும். அந்தக் கோடைப் படத்தை மட்டும் அழித்துவிடச் சொன்னார்கள் வகுப்பில். எங்கள் இருவரில் அக்காவின் பாடுதான் மோசம். இந்த வருடத்தோடு முடித்துவிடுவேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். புராஜெக்ட் போனால் இன்னொரு வருடம் கேட்க வாய் வராது, படிப்பு அதோடு சரி என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் படத்தை அழிக்கச் சம்மதிக்கவில்லை.

“கயிறு கட்டுறதுக்கு முந்தி வெள்ளம் வந்துட்டுன்னு வையி. இது குளிங்கன்னு சொல்லும். பிள்ளைகளோட நிப்பாங்கடி அங்கன” என்றார்.

வைவாவில் யாரும் கேட்பதற்கு முன்பே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் உங்கள் புராஜெக்டில் மிச்சம் என்னம்மா இருக்கிறது என்று கேட்டார். “தப்பு எங்க இருக்குன்னு தெரியுது சார். அதுதான் மிச்சம்” என்றார் அக்கா. மதிப்பெண் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் பாஸ். அன்று புரோட்டா கடையில் அவர் சாப்பிட்ட அழகை எங்கள் வகுப்பு மறக்காது.

அடுத்த சீசனில், பட்டம் கைக்கு வந்த பிறகும், கயிறு தெரியாத இடமாகத் தேடித் தேடி மறுபடி படம் எடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார். இப்போது அது தண்ணீரைப் பார்க்கிறது.

துக்கம் கேட்கப் போனபோது, இலஞ்சி வீட்டில் அக்காவின் கணவரிடம், எங்களுக்கெல்லாம் அத்தான் அவர், இந்தக் கதையை நான்தான் சொன்னேன். படிப்பு நின்றுவிடும் என்று அக்கா பயந்ததையும் சொன்னேன்.

“ஒரு வருசம் என்னம்மா, எத்தன வருசம் கேட்டாலும் படின்னு சொல்லியிருப்பேன். அவ எங்கிட்ட கேக்கவே இல்லையே” என்றார் அத்தான்.

அப்படி ஒரு வருடம் தனக்கு உண்டு என்று தெரியாமலேதான் அக்கா அந்த வைவா அறையில் நின்று உண்மையைச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.