கண்டெய்னருக்குள் நான்

இன்று கள்ளக்குறிச்சியில் பழைய கண்டெய்னர் ஒன்று வாங்கப் போனேன், மக்காச்சோளம் அடுக்க. போன மழையில் கொட்டகை ஒழுகிப் பாதி மூட்டை முளைத்துவிட்டது.

உள்ளே நின்று கதவை மூடச் சொல்ல வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. மாவட்டத்துக்கே இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

“நல்லா இழுத்து சாத்துங்க பாய்” என்றேன் கடைக்காரரிடம்.

சாத்தினார். பொட்டு வெளிச்சமில்லை. சரக்கு சுத்தம்.

ஆனால் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். போனில் டவர் இல்லை. தட்டினேன், கத்தினேன். கடைக்கார பாய் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் கணக்கில் பத்து நிமிடம், என் கணக்கில் அரை நாள்.

திரும்பி வந்து திறந்தவர், “இன்னாண்ணே, எங்கனா ஓட்டை கீதா?” என்றார்.

“இருந்திருந்தா நான் கத்துனது உங்களுக்குக் கேட்டிருக்கும் பாய்.”

வாங்கிவிட்டேன். உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கும் வெல்டர் யாராவது தெரியுமா? போன் பண்ணாதீர்கள், தொண்டை போய்விட்டது. இங்கேயே எழுதுங்கள்.