“மகனுக்கா வாங்குறீங்க, அக்கா?”

இன்னைக்கு பினாங்குல, பத்து காவான்ங்கிற ஊர்ல இருக்கிற ஃபேக்டரியில ஷிப்ட் முடிஞ்சதும், யூனிஃபார்மோடயே ஜார்ஜ்டவுன்ல ஒரு இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். இருபது வருஷமா நான் உயிரா கேட்கிற ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டோட மூணாவது ஆல்பம் அங்க வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்.

உள்ளே நுழைஞ்சதுமே கடைக்காரத் தம்பி, “தமிழ்ப் பாட்டெல்லாம் அந்தப் பக்கம், அக்கா”ன்னார்.

நான் ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன்.

“இது கொஞ்சம் ஹெவி லா. மகனுக்கா வாங்குறீங்க?”

“எனக்குத்தான்.”

நக்கலா சிரிச்சார். “அப்படியா? இதுல யாரு பாடுறாங்க, சொல்லுங்க பார்ப்போம்.”

“பழைய பாடகி ரெண்டாவது ஆல்பத்தோட விலகிட்டாங்க. இதுல டிரம்மர்தான் பாடுறாரு.”

போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். சிரிப்பு காணாமப் போச்சு. “நானும் இவங்களுக்குப் பெரிய ஃபேன், அக்கா”ன்னார்.

“அப்படியா? எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?”

“காப்பி விளம்பரத்துல வருமே, அது.”

இந்த ஆள்கிட்ட அந்த ஆல்பத்தை விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. வாங்கிட்டு வந்துட்டேன்.

பினாங்குல நாப்பது தாண்டியும் ராக் கேட்கிற அக்காமார் எத்தனை பேர் இருக்கீங்க? கீழ சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணா அந்தக் கடைக்குப் போனா, பாவம், மனுஷன் மயங்கியே விழுந்துடுவார்.