சாயம் போகாத சேலைப் படம்

போன வாரம் என் தம்பி மகனுடைய படங்கள் செல்போனில் வந்தன. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படங்களாம். மாப்பிள்ளையும் பெண்ணும் சேற்று வயலில் விழுந்து எழுந்து, தண்ணீரை வாரி இறைத்துச் சிரிக்கிறார்கள். "பெரியப்பா, நீங்களும் போட்டோக்காரர்தான, எப்படி இருக்கு?" என்று கேட்டான். நல்லா இருக்குப்பா என்றேன். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இந்தச் சேற்றுப் படமெல்லாம் நான் எண்பதுகளிலேயே எடுத்தவன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. கூச்ச சுபாவம் வேறு. 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் என்னிடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவர்கள் எல்லாம் முறைத்தபடியே வெளிநாடு போனார்கள். ஆள் வரத்து குறைந்திருந்தபோது ஒரு சோப்புத்தூள் வியாபாரி வந்தார். அழுக்குச் சட்டை ஒரு படம், துவைத்த சட்டை ஒரு படம். சட்டையைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டேன்.

அதுவே தொழிலாகிவிட்டது. கண்மாய்க் களிமண் படத்தில் வெறும் கறுப்பாக விழும். மைதாவும் காபித்தூளும் கலந்தால்தான் பார்க்கிறவருக்குச் சேறு என்று தெரியும். வெறும் தண்ணீர் விளக்குச் சூட்டில் காய்ந்துவிடும். கிளிசரின் சேர்த்துத் தெளித்தால் துணி மேல் முத்து முத்தாக நிற்கும். துவைத்த சட்டை என்று நாங்கள் காட்டியது அட்டை பிரிக்காத புதுச் சட்டை. அறையில் எப்போதும் காபி வாசனை. கிளப்புக்கடை என்று நினைத்துப் படியேறி வந்தவர்களும் உண்டு.

அழுக்காக்கிய துணிகளைத் துவைத்துக் கொடுக்கத் தனலட்சுமி வருவார். முப்பது வயதிருக்கும். கணவருக்கு அவனியாபுரத்தில் லாரிப் பட்டறையில் வேலை. நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசுவார். "ஊருல அழுக்கை எடுக்கத்தான் கூலி. ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே அழுக்காக்கக் கூலி குடுக்குறாக?" என்பார்.

சித்திரைத் திருவிழா நெருங்கியபோது ஒரு சுங்குடிச் சேலை வியாபாரி நோட்டீசு போட விரும்பினார். அழகர் வரும்போது கூட்டத்தில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதில் நனைந்தாலும் தன் சேலையில் சாயம் போகாது என்று காட்ட வேண்டும். வருவதாகச் சொன்ன நாடக நடிகை வரவில்லை. கேமராவில் கலர் ரோல் மாட்டியாகிவிட்டது. அன்றைக்கு என் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று தனலட்சுமியிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். மறுபடியும் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சங்கடம்ணே."

"முகம் விழாது. கழுத்துக்குக் கீழதான் எடுப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரத் தொட்டியில் நின்றார். காலடியில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தேன், சாயம் இறங்கவில்லை என்று காட்ட. அவரே செம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டார். சில்லென்று பட்டதும் சிரித்துவிட்டார். நான் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். ஒரே ஒரு படம்தான்.

மெட்ராசில் ரோலைக் கழுவிப் படம் போட்டு அனுப்பிய கவரைப் பிரித்ததும் அந்தப் படம்தான் கண்ணில் பட்டது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். எடுத்து ஒதுக்கியிருக்க வேண்டும். வியாபாரி ஒரு வார்த்தை மெச்சினால் போதும், பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று கவரை அப்படியே நீட்டினேன்.

"இதுதான்யா படம்," என்றார் அவர்.

"அது வேணாம்ணே, முகம்..."

"முகம் இல்லாத சேலைய எவன் பாப்பான்?"

நான் சிரித்து வைத்தேன்.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூடியிருந்த கூட்டத்தில் அந்த நோட்டீசைக் கைக்குக் கை கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தனலட்சுமியின் கணவர் அவரையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். சட்டைப் பையில் நோட்டீசு மடித்து இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க கேட்டு இவ நின்னாளா, இவளா வந்து நின்னாளா?"

தனலட்சுமி அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவுகளா ஆசைப்பட்டுத்தான்..." என்றேன்.

தனலட்சுமி என்னைத் திட்டியிருக்கலாம், பொய் என்று சொல்லியிருக்கலாம். "வாங்க, போவோம்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு முதலில் இறங்கினார். துவைக்க எடுத்துப்போன இரண்டு சேலைகள் மறுநாள் தேய்த்து மடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் வந்து சேர்ந்தன. தனலட்சுமி வரவில்லை.

அந்த நெகட்டிவை எரித்தேன். நோட்டீசை என்ன செய்ய முடியும்?

ஒரு வருடம் போல ஆனபின் மனசு கேட்காமல் அவனியாபுரத்துக்குப் போனேன். பட்டறைக்குப் பின்னால் வரிசை வீடுகள். கணவர் மட்டும் இருந்தார். "அவ உசிலம்பட்டிப் பக்கம், அவுக அம்மா வீட்டோட போயிட்டா. நானும் கூப்பிடல, அவளும் வரல," என்றார். பட்டறைப் பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். நான்தான் கேட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். டீயைக் குடித்தேன். "வாரேன்ணே" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஸ்டூடியோவை மூடினேன். கட்டடத்தையே இடித்து ஏதோ அலுவலகம் வந்துவிட்டது. சில வருடம் முன்பு துணிந்து மறுபடி அவனியாபுரம் போனேன். பட்டறை இருந்த இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. விசாரித்தேன், அங்கே அப்படி வரிசை வீடுகள் இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது என்னால் சொல்லிவிட முடியும் என்று தோன்றுகிறது. போய் நிற்கத்தான் வாசல் இல்லை.