வேகத்துக்குச் சொன்ன காரணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் மேல் ஒரு வழக்கு வந்தது. காரைக் கடுவேகமாக ஓட்டினார் என்று வழக்கு. கேட்டவர்கள் எவரும் நம்பவில்லை. நிந்தவூரில் புடவைக் கடை வைத்திருந்த அந்த மனிதர் நடப்பதே நிலத்துக்கு நோகாமல்தான். அவருடைய பழைய ஒஸ்டின் காரைச் சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு முந்திப் போவார்கள்.

ஆனால் ஓட்டியது உண்மை. பின்சீட்டில் கிடந்தவளே நான்தான். நிறைமாதம். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரம். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கிடக்கு. இது என்ட கையில இல்ல. கெதியாக் கல்முனைக்குக் கொண்டு போங்க" என்றாள். தெருவில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். என்னைத் தூக்கிக் காரில் போட்டவர் செருப்பில்லாமலேயே ஓட்டினார். காரைதீவைத் தாண்டும்போது இரண்டு பொலிஸ்காரர்கள் கை காட்டினார்கள். என் தலையை மடியில் வைத்திருந்த உம்மா, "நிப்பாட்டாதீங்க மருமகன்" என்றார். அவர் நிப்பாட்டவில்லை. கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடமே சொன்னார். மகள் பிறந்தாள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது நாள் பெண் உள்ளறையில் இருக்கவேண்டும். நான் அப்படி இருந்த நாட்களில்தான் தபால்காரர் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பொலிசார் எங்களுக்கு எழுதுவதெல்லாம் எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில்தான். இவர் அதைச் சிங்களம் தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொண்டுபோய் வாசிப்பித்துக்கொண்டு வந்தார். கடுவேகமாக ஓட்டியது, மறித்தும் நிற்காதது. இன்ன திகதிக்கு நீதவான் முன் வந்து காரணம் சொல்லவேண்டும். முகம் வெளிறிப்போய் வந்து சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன். கலியாணம் முடித்து ஐந்து வருஷத்தில் அந்த மனிதர் எனக்காகச் செய்த ஒரே பெரிய காரியத்தை அரசாங்கம் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தது. இனி அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் நிற்கும் இடத்தில், என் பெண்சாதியின் உயிருக்காக ஓட்டினேன் என்று சொல்லவேண்டும். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. அத்தாட்சியும் என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் என்னைச் சேர்த்த நாளும் நேரமும் தெளிவாக இருந்தன.

ஒரு வரியில் முடியும் காரியத்துக்கு எங்கள் விறாந்தையில் மூன்று பின்னேரம் மாநாடு நடந்தது. என் வாப்பா, இவருடைய மூத்த சகோதரரான காக்கா, எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒரு மரைக்கார், நடுவில் குற்றவாளியாக இவர். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் மட்டும் நாலு தரம் போனது.

"பொம்புளைட பிரசவத்தக் கோட்டில கதைக்கிறதா?" என்றார் மரைக்கார். "அங்க கண்டவன் நிண்டவன் எல்லாம் நிப்பான்."

மரைக்காருக்குப் பதினொரு பிள்ளைகள். அத்தனை பேரும் தபாலில் வந்து சேர்ந்தவர்கள் போலத்தான் அவருடைய கதை.

காக்கா என் ஆஸ்பத்திரித் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்த கையோடு குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இதில எத்தனையாவது புள்ள, என்ன மாதிரிப் பொறந்த எண்டெல்லாம் எழுதிக் கிடக்கு. இதப் போய்க் கோட்டுக் கிளாக்கர்ட கையில குடுக்கிறதா? நம்மட மானம் என்னத்துக்காகும்?"

மானம் என்னுடையது. கவலைப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தாளை எழுதியதே ஓர் ஆண் டாக்டர்தான் என்பது மூவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு பொய் தேடத் தொடங்கினார்கள். பொய்யென்றாலும் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். இவர்களுக்கு அதுவும் வரவில்லை. மாமாவுக்கு நெஞ்சு நோ என்று சொல்லலாம் என்றார் காக்கா. என் வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கல்லுப் போல இரிக்கன். நோய வாயால கூப்பிடுறீங்களா?" என்றார். அக்சிலேட்டர் இறுகிவிட்டது என்று சொல்லலாம் என்றார் இவர். அப்படியென்றால் காரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதிப்பார்கள் என்று அதுவும் போனது. ஜும்ஆவுக்குப் பிந்திவிட்டது, அதனால்தான் ஓடினேன் என்று சொல்வது மரைக்காருக்கு மிகவும் பிடித்திருந்தது. வழியில் எத்தனை பள்ளிவாசல்களைத் தாண்டிப் போனாய் என்று நீதவான் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபத்தில், ஜும்ஆவைத் தவறவிட்டதற்கு இவர் தவ்பாச் செய்து பாவமன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மரைக்கார் திரும்பினார். உயிரைக் காப்பாற்ற ஓடியவனுக்கு மார்க்கம் விலக்குத் தந்திருக்கிறது என்பது ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ளதச் செல்லுங்களன்" என்றேன் சீலைக்குப் பின்னால் இருந்து.

"நீ உள்ள இரி மகள்" என்றார் வாப்பா. குசினியில் பூனை சட்டியைத் தட்டிவிட்டதுபோல, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

கலியாணத்துக்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். மறுநாள் காலையில் பிள்ளை தூங்கியதும் நீதவானுக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். பிரசவம் என்ற சொல்லைக்கூடப் போடவில்லை. என் மனைவியின் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றேன், நின்றிருந்தால் அவர் இன்று இல்லை, இதற்காக எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன் என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது அழுகை வந்தது.

இவர் அதை இரண்டு தரம் வாசித்தார். அவருக்கும் கண் கலங்கியது. "நல்லா எழுதியிரிக்காய் புள்ள" என்றார். ஆஸ்பத்திரித் தாளோடு சேர்த்து மடித்து, வழக்கு நாளன்று என் கண்முன்னே சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு காக்காவோடு புறப்பட்டுப் போனார். நான் நம்பினேன். விறாந்தையில் இருந்த மூன்று பேரையும் மனதுக்குள் ஏசிக்கொண்டு இவரை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தேன். அது என் மடத்தனம்.

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. நேரே உள்ளறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"எச்சரிச்சி உட்டுட்டார். தண்டமும் இல்ல, ஒண்டுமில்ல."

"கடிதத்த வாசிச்சாரா?"

"கடிதம் என்னத்துக்கு? கோட்டு வாசல்ல வெச்சிக் காக்கா ஒரு காரணம் செல்லித் தந்தார். என்ட எருமை ஒண்டு கண்டு போட ஏலாமக் கிடந்திச்சி, மிருக வைத்தியரக் கூட்டி வரத்தான் ஓடின எண்டு செல்லிட்டன். நீதவானும் வயல்காரர்ட புள்ளையாம். முகமே மாறிப் போச்சி."

எங்கள் வீட்டில் எருமை இல்லை. எருமையோடு அவருக்கிருந்த பழக்கம் சட்டித் தயிரோடு சரி. அவர் சிரிப்பை அடக்க முடியாமல் மேலே சொன்னார்.

"எருமை தப்பிச்சா எண்டு கேட்டார் புள்ள."

"நீங்க என்ன செல்லின?"

"அல்லாட காவல், தாயும் கண்டும் சுகம் எண்டன். கோட்டில எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

நானும் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"கண்டுக்குப் பசிக்கிது. வெளிய போங்க."

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. எழுந்து போனார். விறாந்தையில் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எருமைக் கதையை அவர் முதலிலிருந்து சொல்வது சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் விடாமல் கேட்டது. தாயும் கண்டும் சுகம் என்ற இடம் வந்ததும் மரைக்கார் கையைத் தட்டிச் சிரித்தார். என் வாப்பாவும் சிரித்தார்.